கோப்பு மாறிய கட்டில்

அந்த அலுவலகத்தில் யார் எந்த வரைபடத்தைத் திறந்தாலும் முதலில் காதில் விழுவது அவள் குரல்தான். "சுவரையும் சோபாவையும் ஒரே லேயர்ல போட்டது யாரு?" என்று கேட்பாள். கேட்கிற தோரணையிலேயே போட்ட ஆசாமிக்கு மேசைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளத் தோன்றும். கணினியில் கட்டடம் வரைகிறவர்களுக்கு லேயர் என்பது கண்ணாடித்தாள் மாதிரி. சுவருக்கு ஒரு தாள், கதவுக்கு ஒரு தாள், மேசை நாற்காலிக்கு ஒரு தாள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் முழுக் கட்டடம். எல்லாவற்றையும் ஒரே தாளில் கொட்டிவைக்கிறவர்களை அவளுக்குக் கண்ணிலேயே காட்டக்கூடாது. அதனால் அவள் பெயர் லேயரக்கா ஆகிவிட்டது. அலுவலகத்தை நடத்துகிற ஆர்க்கிடெக்ட் மேடம்கூட அப்படித்தான் கூப்பிடுவார். மேடத்தைவிட இவள் வயதில் சின்னவள் என்பது யாருக்கும் ஞாபகம் இல்லை.

டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அலுவலகம். கீழே டயருக்குக் காற்று அடிக்கிற சத்தம், மேலே பிரிண்டர் பெரிய தாளைத் துப்புகிற சத்தம், இரண்டுக்கும் நடுவில் லேயரக்காவின் மௌஸ் டிக் டிக்கென்று ஓடிக்கொண்டே இருக்கும். வரைவாளர் என்று பேர், ஆனால் அவள் வேலையில் முக்கால்வாசி பழைய கோப்பிலிருந்து எடுத்துப் புதுக் கோப்பில் ஒட்டுவதுதான். வங்கிக்கு வரைந்த படிக்கட்டு பள்ளிக்கூடத்துக்குக் குடிபோகும். பல் மருத்துவர் வீட்டுக் குளியலறை, இடதுவலம் மட்டும் திருப்பிப்போடப்பட்டு, ஒரு துணிக்கடைக்காரர் வீட்டில் போய் உட்காரும். எந்த நல்ல சமையலறை எந்தக் கோப்பில் கிடக்கிறது என்று அவளைக் கேட்டால் போதும், கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். இதையெல்லாம் ஒரு வேலையா என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் பிதுக்கட்டும். ஒரு படிக்கட்டைப் பிசிறில்லாமல் ஒரு கட்டடத்திலிருந்து பிடுங்கி இன்னொன்றில் நட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் அதிலுள்ள சிரமம் தெரியும்.

அப்படி ஒட்டும்போது முக்கியமானது ஒரு புள்ளி. எடுக்கிற பொருளை எந்த மூலையில் பிடித்து எடுக்கிறோமோ அந்த மூலைதான் போகிற இடத்தில் போய் அமரும். ஊர் உலகத்தில் அதற்கு பேஸ் பாயிண்ட் என்று பெயர். லேயரக்கா மட்டும் அதை ஆணி என்பாள். அவள் அப்பா இரும்பு கேட் செய்கிறவர். பட்டறைத் தரையில் சாக்பீஸால் கேட்டை முழு அளவில் வரைந்துவைத்து, அதன்மேலேயே கம்பியைக் கிடத்தி வளைப்பார். வரைந்து கொடுப்பது பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள். ஒரே பூவைப் பல இடத்தில் வரையவேண்டிவரும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்து நிற்கும். ஒரு நாள் கடுப்பாகித் தரையின் மூலையில் ஓர் ஆணியை அடித்து, எல்லா அளவையும் அதிலிருந்தே எடுத்தாள். பூக்கள் நூல் பிடித்தாற்போல் நின்றன. தரையில் ஓட்டை போட்டதற்கு அப்பா கத்து கத்தென்று கத்தினார். மறுவாரம் ஆணியைக் காணோம் என்று தேடியதும் அவர்தான். இப்போது அலுவலகத்திலும் ஆளாளுக்கு "ஆணி எங்க அடிச்சிருக்கே?" என்றுதான் கேட்கிறார்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தவளை மேடம் ஒரு நாள் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"பஸ் டிப்போவுல டிரைவர், கண்டக்டருக்கெல்லாம் புதுசா ஓய்வறை கட்டுறாங்க. நம்மகிட்ட வந்திருக்கு. நீங்களே வரைஞ்சிடுங்க."

"சரிங்க மேடம். எந்தக் கோப்புல இருந்து எடுக்கணும்?"

"எதுல இருந்தும் எடுக்க வேண்டாம். ஜன்னல் எங்க, கட்டில் எங்க, கதவு எந்தப் பக்கம் திறக்கணும், எல்லாம் உங்க முடிவு. நான் கடைசியா ஒருதடவை பார்ப்பேன், அவ்வளவுதான். இது உங்க கட்டடம்."

லேயரக்காவுக்குக் கொஞ்ச நேரம் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இத்தனை வருடமாக அடுத்தவர் யோசித்ததை எடுத்து ஒட்டியவளுக்கு ஒரு முழுக் கட்டடம். அதிலும் டிப்போ ஓய்வறை. அந்த டிப்போ மேடத்துக்கு ஒரு வாடிக்கையாளர், அவ்வளவுதான். லேயரக்காவுக்கு அது வீட்டுப் பிரச்சினை.

அவள் கணவர் அந்த டிப்போவில் தொலைதூர பஸ் ஓட்டுகிறவர். நெடுநெடுவென்று வளர்த்தி. டிப்போவில் அவருக்கு ஏணி என்று பெயர். பஸ் கூரையில் மாட்டிக்கொண்ட மூட்டையை இறக்கவும், டியூப்லைட் மாற்றவும் அவரைத்தான் தேடுவார்கள். அப்படிப்பட்ட ஆளுக்கு ஓய்வறையில் கிடைத்த கட்டிலோ, தலைமாட்டிலும் கால்மாட்டிலும் இரும்புப் பலகை அடைத்த குட்டைக் கட்டில். இரண்டு ஓட்டத்துக்கு நடுவில் தூங்கவேண்டும். காலை நீட்டினால் பலகை இடிக்கும், மடக்கிப் பக்கவாட்டில் வைத்தால் முழங்கால் பலகை ஓரமாக நடைபாதையில் நிற்கும். போகிறவர் வருகிறவர் எல்லாம் அதில் முட்டுவார்கள். "காலை மடக்குப்பா ஏணி" என்பதைக் கேட்டுக் கேட்டு, வீட்டில் தூங்கும்போதுகூடச் சில நாள் சட்டென்று காலை இழுத்துக்கொள்வார். லேயரக்காவுக்கு அதைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும். அரைத்தூக்கத்தில் ஸ்டியரிங்கைப் பிடிக்கிற மனுஷனுக்குப் பின்னால் ஒரு பஸ் நிறைய ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று யாருக்காவது தோன்ற வேண்டாமா?

அவளுக்குத் தோன்றியது. இந்தக் கட்டடத்தில் வேறு எது இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஏணி காலை நீட்டிப் படுக்கிற மாதிரி ஒரு கட்டில் இருந்தே தீரவேண்டும்.

அன்று மாலை வீட்டுக்குள் நுழைந்தவள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"ஏங்க, படுங்க."

"இப்பத்தானே எழுந்தேன்?"

"கூடத்துல தரையில படுங்க. அளவு எடுக்கணும்."

"எதுக்கு, பெட்டி செய்யவா?" என்றார் அவர். வீட்டுப்பாடத்திலிருந்து தலையைத் தூக்கிய மகள் சிரித்துவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

விஷயத்தைச் சொன்னதும் அவர் நம்பவில்லை. காதில் பூச்சுற்றுகிறாள் என்று நினைத்தார். நம்பியபிறகு மேசையை ஓரமாகத் தள்ளிவிட்டு மல்லாந்து படுத்தார். மகள் தலைப்பக்கம் டேப்பைப் பிடித்தாள், இவள் குதிகாலுக்கு இழுத்துக்கொண்டு ஓடினாள்.

"தலையணைக்கு இடம் விட்டியா?" என்றார் தரையிலிருந்து.

"விட்டாச்சு."

"அப்பா தூங்கும்போது விரலை எல்லாம் நீட்டி ஒரு சோம்பல் முறிப்பாரு இல்ல, அதுக்கு?" என்றாள் மகள்.

லேயரக்கா நிமிர்ந்து பார்த்தாள். இது அவளுக்குத் தோன்றவில்லை. டேப்பை மடக்காமல், மகளின் கையை இழுத்துக் குதிகாலுக்கு அப்பால் விரித்துவைத்து, ஒரு சாண் கூட்டிக்கொண்டாள்.

அதன்பிறகு வந்த நாட்களில் லேயரக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. அலுவலகத்துக்கு முதல் ஆளாக வந்து கதவு திறக்கிறவரை மாடிப்படியில் காத்துக்கிடந்தாள். பஸ் உறுமுகிற பக்கம் ஜன்னல் வைக்காமல் மரங்கள் இருக்கிற பக்கம் வைத்தாள். பகலில் தூங்குகிறவர்களும் உண்டே என்று வெயில் முகத்தில் அடிக்காத உயரத்துக்கு ஏற்றினாள். கழிப்பறைக் கதவு திறந்தால் வெளிச்சம் கட்டில் பக்கம் விழாமல் ஒரு சிறு மறைப்புச் சுவர் கொடுத்தாள். சட்டை மாட்ட ஆணி, சாப்பாட்டுப் பை வைக்கத் தட்டு, ஒன்றையும் விடவில்லை. டயர் கடைக்காரர் டீ குடிக்கக் கூப்பிட்டால்கூட, "கட்டடத்துல இருக்கேன், அப்புறம் வரேன்" என்றாள். அவரும் எந்தக் கட்டடம் என்று தெரியாமல் தலையை ஆட்டிக்கொண்டு போனார்.

கட்டிலை வரைந்த அன்று இன்னும் தனி உற்சாகம். ஒரு கட்டிலை வரைந்து பிளாக் ஆக்கிவிட்டால், அது ரப்பர் முத்திரை மாதிரி. எத்தனை இடத்தில் வேண்டுமானாலும் குத்திக்கொண்டு போகலாம். முத்திரையைத் திருத்தினால் குத்திய இடமெல்லாம் தானாகத் திருந்தும். ஏணி அளவு, தலையணை, மகளின் சாண் எல்லாம் சேர்த்து, கால்மாட்டில் பலகையே இல்லாத ஒரு நீளக் கட்டிலை வரைந்தாள். முத்திரைக்கு ஒரு பெயர் கேட்டது கணினி. மனசெல்லாம் கட்டிலிலேயே இருந்ததால் உலகத்தில் எல்லோரும் வைக்கிற பெயரையே அவளும் வைத்தாள்: பெட். வரிசையாக இரண்டு பக்கச் சுவரோடும் குத்திக்கொண்டு போனாள். தலைமாடு சுவரில், கால்மாடு நடைபாதையில். நடைபாதை கொஞ்சம் ஒடுங்கித்தான் வந்தது. ஆனாலும் ஒருவர் பையோடு தாராளமாகப் போகலாம்.

டிப்போ மேனேஜர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடுவதாகச் சொன்ன நாள் வந்தது. காலையிலேயே டிப்போவிலிருந்து ஒரு கோப்பும் வந்தது. டிப்போவின் முழு மனை வரைபடம். மதில், டீசல் பங்க், பணிமனை, பழைய ஓய்வறை எல்லாம் அதில் இருந்தன. புதுக் கட்டடத்தையும் இந்தக் கோப்புக்குள்ளேயே வைத்து, இதே தாளில் பிரிண்ட் எடுத்துக் காட்டவேண்டும் என்று கூடவே ஒரு குறிப்பு.

ஒரு கோப்பிலிருந்து இன்னொன்றுக்கு எடுத்து ஒட்டுவது. பிறந்ததே அதற்குத்தான் என்று கையை உதறிக்கொண்டு உட்கார்ந்தாள் லேயரக்கா. இரண்டு கோப்பையும் திறந்தாள். தன் கட்டடத்தை முழுசாக வளைத்து எடுத்தாள், டிப்போ கோப்புக்குப் போனாள், ஒட்டினாள்.

திரையில் ஒன்றும் இல்லை.

மறுபடி ஒட்டினாள். மறுபடியும் ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் ஒரே பார்வையில் காட்டு என்று கணினியைக் கேட்டாள். கறுப்புத் திரையில் இந்த மூலையில் ஒரு தூசி, அந்த மூலையில் ஒரு தூசி. ஒன்றைப் பெரிதாக்கினால் டிப்போ. இன்னொன்றைப் பெரிதாக்கினால் அவளுடைய ஓய்வறை. நடுவில் மலை காடு எல்லாம் தாண்டவேண்டிய தூரம்.

பக்கத்து மேசையில் குளிர்சாதனக் குழாய் வரைகிறவர் எட்டிப் பார்த்தார். "என்னக்கா, ஓய்வறைக்குப் போகவே தனியா ஒரு பஸ் விடணும் போலிருக்கே."

"வாயை மூடுங்க," என்றாள் லேயரக்கா. ஆனால் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஊருக்கெல்லாம் ஆணி ஆணி என்று பாடம் எடுக்கிறவள், அவசரத்தில் ஆணியே அடிக்காமல் எடுத்திருக்கிறாள். டிப்போக்காரர்கள் நில அளவைக் கணக்குப்படி எங்கோ தொலைவில் வரைந்திருக்க, இவள் கட்டடம் தன் பழைய இடத்திலேயே போய் விழுந்திருக்கிறது. ஒட்டியதை அழித்தாள். மதில் மூலையில் ஓர் ஆணி, தன் கட்டட மூலையில் ஓர் ஆணி என்று மனசுக்குள் அடித்துக்கொண்டு மறுபடி எடுத்து ஒட்டினாள். கட்டடம் மரங்களுக்குப் பக்கத்தில் பதவிசாகப் போய் உட்கார்ந்தது.

அவ்வளவு அழகாக அமர்ந்ததைப் பார்த்ததில் அவளுக்கு வாயெல்லாம் பல். பெரிய தாளில் பிரிண்ட் எடுத்து மேடத்திடம் கொண்டுபோய் விரித்தாள்.

மேடம் ஜன்னலைப் பார்த்தார், மறைப்புச் சுவரைப் பார்த்தார். "நடைபாதை நல்ல தாராளமா விட்டிருக்கீங்களே," என்றார்.

"ஆமாம் மேடம்," என்றாள் லேயரக்கா பெருமையாக. கொஞ்சம் ஒடுக்கமாக விட்டதாகத்தானே ஞாபகம் என்று ஒரு நினைப்பு உள்ளே எட்டிப் பார்த்தது. தாளில் பார்த்தால் எதுவும் பெரிதாகத்தான் தெரியும் என்று அதை விரட்டிவிட்டாள். அங்கேதான் கோட்டைவிட்டாள்.

சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே மேனேஜர் வந்துவிட்டார். குள்ளமாக, சுத்தமாக, பேனாவைச் சட்டைப்பையில் நேராகச் செருகியவர். மாடிப்படி ஏறிய மூச்சு வாங்க, "டிரைவர்கள் சார்பா ஒருத்தரைக் கூட்டிட்டு வந்திருக்கேன்," என்றார். "அவருக்குச் சரியா இருந்தா எல்லாருக்கும் சரியா இருக்கும்னு அவங்களே தேர்ந்தெடுத்து அனுப்பினாங்க."

அவருக்குப் பின்னால், வாசல் நிலையில் தலை இடிக்காமல் குனிந்து உள்ளே வந்தது ஏணி.

லேயரக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை, கல்லுளிமங்கன். கசங்கிய சீருடை, சிவந்த கண். இரவு முழுக்க ஓட்டிவிட்டு வண்டியை நிறுத்திய கையோடு வந்திருக்கிறார் என்பது பார்த்தாலே தெரிந்தது. அவர் இரண்டு கையையும் குவித்து, "வணக்கம் மேடம்," என்றார் மனைவியிடம், முகத்தில் ஒரு சிரிப்பும் காட்டாமல். குழாய் வரைகிறவர் இருமுவது போல் திரும்பிக்கொண்டார்.

தாளை விரித்தார்கள். லேயரக்கா ஜன்னலிலிருந்து ஆரம்பித்தாள். வெயில், சத்தம், கழிப்பறை வெளிச்சம் என்று மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போனாள். மேனேஜர் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். பிறகு அவருடைய விரல் பழைய ஓய்வறைக்குப் போனது, அங்கிருந்து புதுசுக்கு வந்தது, மறுபடி பழசுக்குப் போனது.

"நல்ல காரியம் செஞ்சீங்க," என்றார். "நம்ம பழைய கட்டிலையே போட்டிருக்கீங்க. அச்சு அசல் அதே அளவு. புதுக் கட்டில் கேப்பீங்களோன்னு பயந்துட்டே வந்தேன். இருக்கறதையே எடுத்துப் போட்டுக்கலாம். வேலை மிச்சம்." பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார்.

லேயரக்கா தாளைப் பார்த்தாள். பழைய அறைக் கட்டிலும் புது அறைக் கட்டிலும் ஒன்றேதான். அதே குட்டை, அதே கால்மாட்டுப் பலகை. நடைபாதை தாராளமாக இருந்த காரணம் இப்போது புரிந்தது. கட்டில்களெல்லாம் தலையைச் சுவரில் வைத்துக்கொண்டு காலை வெட்டிக்கொண்டிருந்தன.

அதைவிடக் கணவரின் முகத்தைத்தான் அவளால் தாங்கமுடியவில்லை. அவரும் கட்டிலைப் பார்த்துவிட்டார். கூடத்தில் படுக்கவைத்து அளவெடுத்ததெல்லாம் அவருக்கும் ஞாபகம் இருக்குமே. பெரியவர்கள் யாரோ வேண்டாம் என்று சொல்லியிருப்பார்கள், இவள் என்ன செய்வாள் என்று அவராகவே முடிவுகட்டிக்கொண்டார் போல.

"பரவால்ல," என்றார் மெதுவாக. "ஜன்னல் ரொம்ப நல்லா இருக்கு."

"சார், கையெழுத்துப் போடாதீங்க," என்றாள் லேயரக்கா. "அது தப்பு. நான் செஞ்ச தப்பு."

மேடமும் மேனேஜரும் ஒருசேர அவளைப் பார்த்தார்கள். அவள் கணினிக்கு ஓடி இரண்டு கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து காட்டினாள். இவள் கோப்பில் நீளக் கட்டில், டிப்போ கோப்பில் குட்டைக் கட்டில். இரண்டுக்கும் ஒரே பெயர், பெட். ஒரு கோப்பில் ஏற்கெனவே அந்தப் பெயரில் ஒரு முத்திரை இருந்தால், வெளியிலிருந்து அதே பெயரில் வருவதை அது ஏற்காது. எங்களிடமே ஒன்று இருக்கிறது என்று தன் பழைய முத்திரையையே எடுத்து எல்லா இடத்திலும் குத்திவிடும். ஒரு வார்த்தை கேட்காது, ஒரு மணி அடிக்காது.

"இதை நானும் பார்க்காம விட்டுட்டேன்," என்றார் மேடம். "நடைபாதையைப் பாராட்டினதே நான்தான்."

மேனேஜர் பேனாவை மூடவில்லை. "தப்பா இருக்கட்டும், நல்ல தப்பா இருக்கே. கம்ப்யூட்டருக்கே நம்ம கட்டில் பிடிச்சிருக்கு. பாதையும் அகலமா கிடைக்குது. நீளக் கட்டில் போட்டா பாதை ஒடுங்கிடும், இல்லையா?"

அது உண்மை. தாளில் பார்த்தால் அவர் சொல்வதுதான் நியாயம். லேயரக்கா தாளைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள்.

"ஒரு நிமிஷம் இருங்க சார்," என்று சொல்லிவிட்டு மாடிப்படியில் தடதடவென்று இறங்கினாள். திரும்பி வந்தபோது கையில் டயர் கடைக்காரர் டயரில் அடையாளம் போடுகிற மஞ்சள் சாக்பீஸ் இருந்தது. கூட்டம் போடுகிற மேசையைக் குழாய்க்காரரும் அவளும் சுவரோரமாகத் தள்ளினார்கள். தூணின் மூலைதான் ஆணி. அங்கிருந்து டேப்பை இழுத்து மண்டிபோட்டு வரைய ஆரம்பித்தாள். புடவையெல்லாம் மஞ்சள். தூணுக்கு இந்தப் பக்கம் குட்டைக் கட்டில், அந்தப் பக்கம் நீளக் கட்டில். இரண்டின் கால்மாட்டிலும் நடைபாதைக்கு ஒரு கோடு. பட்டறைத் தரையில் பூ வரைந்த கை அது, ஒரு கோடுகூடக் கோணவில்லை.

"சார், பழைய கட்டில்ல நீங்க படுத்துப் பாருங்க."

மேனேஜர் தயங்கினார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, கைக்குட்டையை விரித்துத் தலையை அதன்மேல் வைத்துப் படுத்தார். கால்மாட்டில் இடம் மீந்தது. "எனக்குச் சொகுசாத்தான் இருக்கு," என்றார் மேற்கூரையைப் பார்த்து.

எல்லோரும் சிரித்தார்கள். லேயரக்காவும் சிரித்தாள், அழுகையை அடக்கிக்கொண்டு.

"இப்ப அவரு."

ஏணி குட்டைக் கட்டிலில் படுத்தார். பழகிய உடம்பு, யாரும் சொல்லாமலே முழங்கால் மடங்கிப் பக்கவாட்டில் சாய்ந்து, கால்மாட்டுக் கோட்டைச் சுற்றி நடைபாதையில் போய் நின்றது.

"சார், இப்ப நீங்க அந்த அகலமான பாதையில ஒரு நடை நடங்க."

மேனேஜர் நடந்தார். முழங்கால் வந்தது. நின்றார். "காலை மடக்கு..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். மடக்கித்தான் இருந்தது. வேறு எங்கே மடக்குவது? தாளில் அகலமாக இருந்த பாதையில் பாதியை அந்த முழங்காலே எடுத்துக்கொண்டிருந்தது. அவர் வேட்டியை மடித்துக் கட்டாத குறையாகக் காலைத் தூக்கி அதைத் தாண்டி அந்தப் பக்கம் போனார்.

"இதுல வாங்க," என்றாள் லேயரக்கா கணவரிடம்.

அவர் எழுந்து நீளக் கட்டிலின் சாக்பீஸ் கோட்டுக்குள் போய்ப் படுத்தார். முதலில் பழக்கத்தில் காலை மடக்கித்தான் வைத்தார். பிறகு ஒரு காலை நீட்டினார். எங்கும் இடிக்கவில்லை. இன்னொரு காலையும் நீட்டினார். கையை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டார்.

மேனேஜர் அந்தப் பக்கத்து ஒடுங்கிய பாதையில் நடந்துபார்த்தார். போனார், வந்தார். ஒன்றும் இடிக்கவில்லை. "கட்டிலை மாத்தறதுன்னா மேல ஒரு வார்த்தை கேக்கணும்," என்று மேடத்திடம் இழுத்தார். மேடம் ஏதோ சொன்னார், அவர் ஏதோ சொன்னார். கடைசியில் கீழே பார்த்து, "நீங்க சொல்லுங்க ஏணி. இது எப்படி இருக்கு?" என்றார்.

பதில் வரவில்லை.

லேயரக்கா குனிந்து பார்த்தாள். மனுஷன் தூங்கிவிட்டார். டயர் கடைக்கு மேல், சிமெண்டுத் தரையில், ஆளும் பேருமாகச் சுற்றி நிற்கிற பட்டப்பகலில், மஞ்சள் கோட்டுக்குள் நேராக நீட்டிப் படுத்து, சீரான மூச்சோடு தூங்கிக்கொண்டிருந்தார்.

அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. தொட்டு எழுப்பக் கையைக் கொண்டுபோனாள். மேனேஜர் வேண்டாம் என்று தலையை அசைத்தார்.

"வண்டி எப்ப வந்துது?" என்றார், குரலைத் தாழ்த்தி.

"காலையிலதான் சார். வீட்டுக்குக்கூடப் போகலை," என்றாள் லேயரக்கா.

மேனேஜர் கொஞ்ச நேரம் அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றார். இத்தனை வருடத்தில் அந்தக் கால்கள் நீண்டு கிடந்து அவர் பார்த்ததே இல்லை என்று லேயரக்காவுக்குத் தோன்றியது. பிறகு அவர் ஒரு நாற்காலியைச் சத்தம் வராமல் தூக்கிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"கட்டிலை மாத்திப் பிரிண்ட் எடுங்க. மேல கேக்கறதை நான் பார்த்துக்கறேன். இருந்து கையெழுத்துப் போட்டுட்டே போறேன்."

லேயரக்கா கணினிக்குப் போன வேகத்தைப் பார்த்தால் கால் தரையில் பட்டதா என்பது சந்தேகம். தன் கோப்பைத் திறந்தாள். பெட் என்ற பெயரை அழித்தாள். எந்த டிப்போவிலும், எந்த ஆஸ்பத்திரியிலும், எந்த விடுதியிலும் யாரும் ஒரு கட்டிலுக்கு வைத்திருக்கமுடியாத பெயராக வேண்டும். யோசிக்கவே தேவைப்படவில்லை. ஏணி என்று அடித்தாள். டிப்போ கோப்பில் ஒட்டியிருந்த பழசைத் துடைத்துவிட்டு, மதில் மூலையில் ஆணியைப் பிடித்து, மறுபடி எடுத்து ஒட்டினாள். இந்தமுறை கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்தாள். ஒவ்வொன்றும் நீளம். ஒவ்வொன்றும் ஏணி.

பிரிண்டர் உறுமத் தொடங்கியதும் எல்லோரும் பதறிப்போய்த் தரையைப் பார்த்தார்கள். குழாய்க்காரர் பிரிண்டரின் மேல் தன் மேல்சட்டையைப் போட்டு மூடப்போனார், மேடம் தடுத்தார். பஸ் இன்ஜின் பக்கத்தில் உட்கார்ந்தே பாதி ஆயுளைக் கழித்த ஆளுக்கு அதெல்லாம் ஒரு சத்தமா? அசையவில்லை.

மேனேஜர் தாளைத் தன் மடியிலேயே விரித்துவைத்துக் கையெழுத்துப் போட்டார். லேயரக்கா அவர் பேனாவைப் பார்க்கவில்லை. நீளக் கட்டிலின் கால்மாட்டில் நின்று, மஞ்சள் கோட்டுக்கும் கணவரின் பாதத்துக்கும் நடுவில் இருக்கிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் தூக்கத்திலேயே விரலை எல்லாம் நீட்டி ஒரு சோம்பல் முறித்தார். மகள் கூட்டச் சொன்ன சாண் அங்கே இருந்தது. கால் கோட்டைத் தொடவில்லை.